மாமா கார் பிடிக்கிறவர்

போன மாதம் காலிமுகத் திடலில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். மகள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் நோவோடு அந்த வெயிலில் நடக்க எனக்கு விருப்பமில்லை. "ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவம் அம்மா" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொரு காரையும் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தது. காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கார், கலியாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரரைப் போல ஒதுங்கி நின்றது.

ஒரு மொரிஸ் எயிட்டுக்கு முன்னால் நானும் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பெடியனிடம், "தம்பி, கொஞ்சம் விலத்தி நில்லுமன், கார் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டு விலகினான். மகளுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா, உங்களுக்குக் கார் எண்டால் என்ன அவ்வளவு விருப்பம்?" என்று கேட்டாள். அதற்கு அந்த இடத்தில் நின்று பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள், அதுவும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்தவர்கள் இதை வாசித்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் கமராவோடு ஒரு உயர்ந்த மனிதரும், கறுத்தக் குடையோடு இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியும் அடுத்தவர் வீட்டுக் கேற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வரலாம். அந்தச் சிறுமி நான்தான். நீங்கள் உங்கள் வீட்டு மதிலில் ஏறியிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களாகவும் இருக்கலாம். இருந்தால் பரவாயில்லை, எனக்குக் கோபமில்லை.

அந்த உயர்ந்த மனிதர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தார். எங்கள் வீட்டு முன் அறைதான் அவருடைய அறை. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. சாதகத்தில் எட்டில் செவ்வாய். வந்த பெண்களுக்கெல்லாம் செவ்வாய் இல்லை. செவ்வாய் உள்ள பெண்களின் வீட்டாருக்கு மாமாவைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதற்குக் காரணம், மாமா கதைக்கமாட்டார். யார் எதைக் கேட்டாலும் "ஓம்" அல்லது "இல்லை". மாப்பிள்ளை பார்க்க வந்த ஒருவர் கேற்றடியில் வைத்து, "பெடியன் ஊமையோ?" என்று தரகரிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது. எனக்கு அப்போது பத்து வயது. கேட்டதை வைத்துக்கொண்டிருக்கத் தெரியாது. போய் அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மாமாவின் கமரா மடித்தால் ஒரு புத்தகமளவு வரும். திறந்தால் துருத்தி போல மூக்கை நீட்டும். கடற்காற்றின் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அதை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள், வறுத்த அரிசிக்கு நடுவில் வைத்திருப்பார். மாதத்துக்கு ஒருமுறை புது அரிசி வறுக்க வேண்டும். "நாங்கள் கூப்பன் அரிசிக்கு வரிசையிலை நிக்கிறம், இவன் கமராவுக்குச் சோறு போடுறான்" என்று அம்மா சட்டியைக் கிளறிக்கொண்டே புறுபுறுப்பார். ஆனால் வறுத்துக் கொடுப்பவரும் அம்மாதான். அந்த அரிசி வறுபடும் மணத்தை இன்றைக்கும் எங்காவது முகர்ந்தால் எனக்குச் சனிக்கிழமை பின்னேரம் என்றுதான் தோன்றும்.

படமெடுப்பது கார்களை மட்டும். அதுவும் பழைய கார்கள். புதுக் கார் நாட்டுக்குள் வராத காலம் அது, தெருவில் ஓடியவை எல்லாமே பழசுதான். ஆனால் மாமாவுக்கு அந்தப் பழசு போதாது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவை வேண்டும். பக்கத்தில் மிதிபலகை உள்ளவை, முன் விளக்கு இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்பவை. "இன்னும் கொஞ்ச நாளிலை இதுகளெல்லாம் பழைய இரும்புக்குப் போயிடும் பிள்ளை" என்பார். மாமா சேர்ந்தாற்போல் சொல்லும் மிக நீண்ட வசனம் அதுதான். பிலிமுக்கும் தட்டுப்பாடு. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். அதனால் ஒரு காரைச் சுற்றி அரைமணி நேரம் நடப்பார், குந்துவார், எழும்புவார், கடைசியில் ஒரே ஒருமுறை அமத்துவார். படம் கழுவி வந்ததும் ஒரு பிரதி அல்பத்துக்கு, ஒரு பிரதி காருக்கு உரியவருக்கு.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்று கேட்பீர்கள். ஒரு ஆம்பிளை தனியாகக் கமராவோடு அடுத்தவர் வளவுக்குள் எட்டிப் பார்த்தால் நாய் வரும், இல்லாவிட்டால் பொலிஸ் வரும். சின்னப் பிள்ளையோடு போனால் தேத்தண்ணீர் வரும். கேற்றைத் தட்டி அனுமதி கேட்பது என் வேலை. தமிழில், சிங்களத்தில், பள்ளிக்கூட இங்கிலிஷில், எதில் வேண்டுமானாலும் கேட்பேன். இன்னொரு வேலை, கமராக் கண்ணில் நேரே வெயில் படாமல் குடை பிடிப்பது. வாய் பேசாத மாமாவும் வாய் மூடாத மருமகளும் என்று அப்பா எங்களைச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு இந்த வேலையில் துளி மதிப்பும் இல்லை. "ஆளில்லாத படத்தை ஆர் பாக்கிறது?" என்பார்.

வீட்டில் 'கார்ப் படம் பிடிக்கிறது' என்பதிலிருந்து 'படம்' என்ற சொல் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. "உம்மடை தம்பி எங்கை?" என்று அப்பா கேட்டால், "அவன் கார் பிடிக்கப் போட்டான்" என்பார் அம்மா. எங்கள் வீட்டில் வாடகைக்குக் கார் பிடித்தது ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான். அதனால் அந்தப் பேச்சில் எங்களுக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை. மாமா என்றால் கார் பிடிக்கிறவர். அவ்வளவுதான்.

நான் சொல்வது ஒரு தை மாதத்திலிருந்து சித்திரை வருஷம் வரையான காலம். மழை குறைந்த, காலை வெளிச்சம் தெளிவான மாதங்கள். அந்த ஞாயிறுகளில் நாங்கள் பார்த்த கார்கள் எல்லாவற்றையும் சொன்னால் இது முடியாது. மூன்றைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக் கடை முதலாளி. முஸ்லிம் மனிதர், நல்ல வயிறு. அவரிடம் ஒரு பழைய ஹில்மன் இருந்தது. கடைக்குப் பின்னால், துணிப் பொதிகளுக்கு நடுவில் நிற்கும். நான் போய்க் கேட்டதும் அவருக்குப் பெரிய சந்தோஷம். "நம்மட காரயா? தாராளமா எடுங்க மகள்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புதுச் சாரமும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து காரின் முன்னால் நின்றுவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் முதலாளியிடம், "கார் மட்டும் போதுமாம்" என்றேன். "அதெப்படி? ஆளில்லாட்டி அனாதக் கார் மாதிரி இரிக்கும்" என்றார். மாமா வேறு வழியில்லாமல் அமத்தினார். அல்பம் முழுவதிலும் மனித முகம் உள்ள படம் அது ஒன்றுதான். முதலாளி தன் பிரதியைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடைக்குள் மாட்டினார்.

அடுத்தது தெமட்டகொடை. ரயில் தண்டவாளத்துக்குக் கிட்ட ஒரு சவப்பெட்டிக் கடை. அங்கே நின்றது பிரேதக் கார். பக்கமெல்லாம் கண்ணாடி, மேலே செதுக்கிய மரச் சட்டம், நாலு மூலையிலும் வெள்ளி விளக்கு. வார்னிசும் வாடின பூவும் கலந்த ஒரு மணம். உண்மையைச் சொன்னால் அவ்வளவு வடிவான காரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. மாமா தன் வழக்கத்தை மீறி மூன்று படம் எடுத்தார். வீட்டுக்கு வந்து, வாசற்படியில் கால் வைக்குமுன்பே நான் அதைச் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு பேரையும் பின்பக்கமாகப் போகச் சொல்லி, தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்.

"கார் எண்டாக் கார்தானே அக்கா" என்றார் மாமா, தலை துவட்டிக்கொண்டு.

"அதிலை ஏறினவனைக் கேட்டுப் பார்" என்றார் அம்மா.

மூன்றாவது களனி. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சிங்கள நோனா தனியாக இருந்தார். கணவர் இறந்து பல வருடம். அவர் ஓட்டிய குட்டி ஆஸ்டின், தென்னோலைக் கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்தி நின்றது. மாமா வேலை செய்த கந்தோரில் யாரோ சொல்லித் தேடிப் போனோம். "என்ன துவே" என்று அவர் கூப்பிட்டார். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வா', 'துவே' என்றால் 'மகளே'. எனக்கு அது தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் அவர் என்னவோ விசாரிக்கிறார் என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். கொக்கிஸ் பலகாரம் சாப்பிடத் தந்தார்.

அன்று நாங்கள் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. கொட்டிலின் நிழல் காரை இரண்டாகப் பிளந்தது. மாமா ஒரு படம் எடுத்தார், திருப்தியில்லை. அடுத்த ஞாயிறு திரும்பப் போனோம். பக்கத்து வீட்டார் காரை வெளியே தள்ளிவிட்டார்கள். உடனே மழை தூறியது. அதிலும் ஒரு படம் எடுத்தார். மூன்றாம் ஞாயிறு விடிய எழும்பிப் போனோம். நோனா வெள்ளைச் சேலை கட்டி, பாற்சோறு வைத்திருந்தார். கார் வெளியே நின்றது. மாமா கமராவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா நின்றார். எனக்குக் கால் நொந்தது. பிறகு இரண்டு தென்னைகளுக்கு நடுவால் வெயில் சரிந்து வந்து அந்த ஆஸ்டினின் மேல் விழுந்தது. பெயின்ற் மங்கி, மூலைகளில் கறள் பிடித்த கார்தான். ஆனால் அந்தக் கால்மணி நேரம் அது அப்போதுதான் கப்பலிலிருந்து இறக்கியதைப் போல இருந்தது. நோனா அழுதார். மாமா ஒருமுறை அமத்தினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா மெதுவாகப் பாட்டு முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றுதான்.

இந்த நேரத்தில்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. பெண் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரீச்சர். முப்பத்தொரு வயது. அவருக்கும் செவ்வாய். சாதகம் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது என்று தரகர் சொன்னார். பெண்ணின் சின்னப் படம் ஒன்றும் கொடுத்தார். மாமா அதை யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "எப்பிடித் தம்பி?" என்று அம்மா பயந்து பயந்து கேட்டார். "ஸ்ரூடியோக்காரன் அவசரப்பட்டிட்டான். வெளிச்சம் பக்கத்தாலை விழுந்திருக்க வேணும்" என்றார் மாமா. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளங்கிக்கொண்டேன். மாமாவுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் படத்தை அவர் பிஸ்கற் தகரத்துக்குள், கமராவோடு வைத்தார்.

மாப்பிள்ளை பார்க்கப் பெண்ணின் தகப்பன் வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த உடம்பு, வெள்ளைக் கோட், பொக்கற்றில் மணிக்கூடு. உள்ளே மாமாவிடம் நாலு கேள்வி கேட்டு நாலு 'ஓம்' வாங்கிக்கொண்டு, காற்று வாங்க விறாந்தைக்கு வந்தார். கையில் வடை. அங்கே நான் இருந்தேன்.

"பிள்ளை எத்தினையாம் வகுப்பு?"

"அஞ்சு."

"மாமா ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்யிறவர்?"

"மாமா கார் பிடிக்கிறவர்."

"எங்கையாவது அவசரமாப் போக வேண்டி வந்தாலோ?"

"இல்லை, ஒவ்வொரு ஞாயிறும். நானும் கூடப் போறனான்."

அவர் வடையைத் தின்னாமல் நின்றார். "அப்பிடி எங்கை போறனீங்கள்?"

"எல்லா இடமும். களனிக்குத்தான் மூண்டு தரம் போனனாங்கள்."

"களனிக்கு என்னத்துக்கு?"

"அங்கை ஒரு நோனா வீடு. அவவுக்குப் புருசன் இல்லை. எனக்குக் கொக்கிஸ் எல்லாம் தந்தவ."

"மூண்டு தரமும் அவவிட்டையோ?"

"ஓம். முதல் ரெண்டு தரமும் மாமாவுக்குச் சரிவரேல்லை. மூண்டாந்தரம்தான் சரிவந்தது. அண்டைக்கு மாமா பாட்டெல்லாம் படிச்சுக்கொண்டு வந்தவர்."

கார்ட் ஐயா வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். "நல்லது பிள்ளை" என்றார். தேத்தண்ணீரையும் குடிக்காமல் போய்விட்டார். நான் என் கெட்டித்தனத்தை நினைத்துப் பெருமையோடு அந்த வடையை எடுத்துத் தின்றேன். மாமாவைப் பற்றி அவருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கிழமையில் கார்ட் ஐயாவின் கடிதம் வந்தது. மகளுக்கு இப்போதைக்குக் கலியாணத்தில் விருப்பமில்லை என்று இரண்டு வரி. அம்மா அழுதார். பிரேதக் காரைப் படமெடுத்த தரித்திரம்தான் என்று முடிவு கட்டினார். அப்பா, மாமா கதைக்காததுதான் காரணம் என்றார். மாமா இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அவர் வெளியே போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அம்மா தானாகவே அரிசி வறுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது, "இனி வேண்டாம் அக்கா" என்றார். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அந்த முதுகை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முப்பத்தாறு வயதில் அவர் ஒருமுறை ஆசைப்பட்டார், அதுவும் கைநழுவிப் போயிற்று.

மூன்றாம் கிழமை தரகர் வந்து, குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். "ஒவ்வொரு ஞாயிறும் கார் பிடிச்சுக்கொண்டு களனிக்குப் போறாராம், புருசன் இல்லாத ஒரு சிங்களப் பொம்பிளையிட்டை. சாட்டுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. பிள்ளைதான் தன்ரை வாயாலை சொன்னதாம்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். முன் அறையிலிருந்து வந்த மாமாதான் அந்தக் கையைப் பிடித்தார்.

"அடியாதேங்கோ அக்கா. பிள்ளை என்ன பொய்யோ சொன்னது? நான் கார் பிடிக்கிறவன்தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் அழத் தொடங்கினேன். அப்பா, "நான் போய்க் கதைக்கிறன்" என்றார். மாமா மறுத்துவிட்டார். நம்பாத வீட்டில் போய் நின்று விளக்கம் சொல்லிப் பெண் கேட்கத் தன்னால் முடியாது என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாமா கந்தோருக்குப் போன பிறகு அப்பா என்னிடம், "உடுப்பை மாத்து" என்றார். மாமாவின் அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்த அல்பத்தை எடுத்துத் துவாயில் சுற்றினார். மாமாவின் படங்களை ஒருநாளும் திறந்து பார்க்காத அப்பா, பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் கொட்டாஞ்சேனை வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பாவை நான் கண்டிப்பான மனிதர் என்று மட்டும் நினைத்திருந்தேன். பிள்ளைகள் பெரியவர்களைத் தவறாக எடைபோடுவது அவர்கள் எங்களைத் தவறாக எடைபோடுவதைவிடக் குறைவில்லை.

தேவாலய மணி கேட்கும் ஒரு ஒழுங்கையில் அவர்கள் வீடு. கார்ட் ஐயா எங்களை இருக்கச் சொன்னார், சிரிக்கவில்லை. அப்பா அல்பத்தை மேசையில் வைத்து, "பிள்ளை, நீ சொன்ன கதையை நீயே முடி" என்றார்.

நான் முதற் பக்கத்தைத் திறந்தேன். "இதுதான் மாமா பிடிச்ச கார்" என்றேன். அடுத்ததைப் புரட்டினேன். "இதுவும்." மூன்றாவது பக்கத்தில் கார்ட் ஐயா கண்ணாடியைத் தேடிப் போட்டார். தண்டவாளத்தைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்தார். புடவைக் கடை முதலாளி வந்ததும் விரலை வைத்தார்.

"இந்தப் படம் இவரின்ரை கடையிலை தொங்குது. நான் அதுக்குக் கீழை இருந்துதான் வேட்டி வாங்கினனான்" என்றார்.

பிறகு களனி. மூன்று படங்களும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தன. நிழலில் ஒன்று, தூறலில் ஒன்று, வெயிலில் ஒன்று. அவர் நெடுநேரம் பார்த்தார். கோபம் போய்விட்டது தெரிந்தது. ஆனால் முகம் தெளியவில்லை.

"ஒரு பழைய காருக்காக மூண்டு ஞாயிறோ?" என்று அப்பாவிடம் கேட்டார். "பொம்பிளை விசயம் எண்டால் கலியாணத்தோடை மாறும் எண்டு சொல்லுவினம். இது மாறுமோ?"

அப்பா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "மாறாது" என்றார்.

அந்த நேரம் தேத்தண்ணீர் வந்தது. கொண்டுவந்தவர் அந்த ரீச்சர். வீட்டுச் சட்டையில், காதில் சிவப்புப் பென்சில் செருகியபடி. கொப்பி திருத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டுத் திரும்பியவர் அந்தப் பக்கத்தைக் கண்டு நின்றார். பிறகு என் பக்கத்தில், வெறும் நிலத்தில் முழந்தாளிட்டு இருந்துகொண்டார்.

"ஏன் பிள்ளை மூண்டு தரம்?" என்று என்னைக் கேட்டார்.

முதல் நாள் நிழல், இரண்டாம் நாள் மழை, மூன்றாம் நாள் இரண்டு தென்னைகளுக்கு நடுவால் வந்த வெயில் என்று நான் சொன்னேன். ஒரு மணித்தியாலம் காத்து நின்றதையும், எனக்குக் கால் நொந்ததையும் விடவில்லை.

"அந்தக் காரை அவர் ஆருக்கும் விக்கிறதுக்கோ எடுத்தவர்?"

"இல்லை. சும்மா பாக்கிறதுக்கு."

ரீச்சர் அந்தப் பக்கத்தைத் திருப்பினார், பிறகு மறுபடி அதற்கே வந்தார். எழும்பினார். "உங்களுக்கு வந்த கடிதத்திலை என்ன எழுதியிருந்தது?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா, மகளுக்கு விருப்பமில்லை என்று இருந்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ரீச்சர் தன் தகப்பன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு விருப்பமில்லை எண்டு ஆர் அப்பா உங்களுக்குச் சொன்னது?"

குரல் உயரவில்லை. வகுப்பில் பிழைவிட்ட பிள்ளையைக் கேட்பது போல இருந்தது. கார்ட் ஐயா மணிக்கூட்டை வெளியே எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். "அப்ப சரி" என்றார்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. மணமக்கள் போக முதலாளி தன்னுடைய ஹில்மனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். களனியிலிருந்து நோனா ஒரு கூடை கொக்கிஸ் கொண்டுவந்தார். கார்ட் ஐயா அவரைக் கண்டதும் எழும்பி நின்று, நல்ல சிங்களத்தில் வரவேற்றுத் தன் பக்கத்து நாற்காலியைக் கொடுத்தார். அந்த ஒரு நாற்காலிக்காகவே அந்தக் கிழவரை நான் மன்னித்தேன். இந்த மனிதர்கள் எல்லாரும் ஒரே நகரத்தில், ஒரே பருவத்தில், எங்களுக்குக் கிடைத்தார்கள். எத்தனையோ பேருக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. நான் இதை நன்றியோடுதான் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீட்டோடு அல்பமும் எரிந்து போனது. கமராவும் போனது. ஆட்கள் தப்பியதே பெரிது என்று அப்போது நினைத்தோம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மாமாவும் மாமியும் திரும்பவும் வெள்ளவத்தையிலேயே ஒரு சின்ன மாடிவீட்டில் இருந்தார்கள். மாமா வேறு கமரா வாங்கவில்லை. அவர் காலமாகிப் பல வருடமாகிறது.

அவருடைய முதலாம் வருட ஆட்டைத் திவசத்தன்று மாமியும் நானும் குசினியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தோம். அவ்வளவு காலமும் எனக்குள் கிடந்ததை அன்றுதான் சொன்னேன்.

"மாமி, அண்டைக்கு நான் உளறினதாலை உங்கடை வாழ்க்கையே இல்லாமல் போகப் பாத்தது. நினைச்சால் இப்பவும் எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"விசர்க் கதை கதையாதை" என்றார் மாமி. "நீ அதைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் இல்லாமல் போயிருக்கும்."

எனக்கு விளங்கவில்லை. மாமி கத்தியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"இவருக்கு முதல் என்னைப் பாக்க ஒம்பது பேர் வந்தவை. வருவினம், தேத்தண்ணி குடிப்பினம், ஒருக்கா நிமிந்து பாப்பினம், போயிடுவினம். ஒருத்தர் எண்டாலும் ரெண்டாந்தரம் வந்து பாத்ததில்லை. ஒரு பழைய காரை, வெளிச்சம் சரியில்லை எண்டு மூண்டு தரம் போய்ப் பாத்த மனுசன், என்னை ஒருக்காலோடை பாத்து முடிக்கமாட்டார் எண்டு நினைச்சன்."

"பாத்தவரோ மாமி?"

மாமி யன்னல் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரியிலை கடைசிக் கிழமை அவருக்குக் கண் நல்லா மங்கிப் போச்சு" என்றார். "அப்பவும் நான் உள்ளுக்கு வந்தால் கையாலை காட்டுவார். 'கொஞ்சம் இஞ்சாலை வந்து நில்லும், அதிலை நிண்டால் உம்மடை முகத்திலை நிழல் விழுது' எண்டு."